மஞ்சப்பை எத்தனை நாள் உழைக்கும்?

தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. ஆனால் துணிப்பை கைக்கு வந்ததுமே பலன் வந்துவிடாது. பருத்தி விளைய, நூற்க, சாயமேற்ற ஏகப்பட்ட தண்ணீரும் மின்சாரமும் செலவாகின்றன. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட கணக்குப்படி, புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை ஒரு மெல்லிய கேரி பேக்கை விட மேலாக வேண்டுமானால், பருத்திப் பையை 131 தடவையாவது புழங்க வேண்டும். வாரம் இரண்டு தடவை என்றால் ஒன்றேகால் வருடம். அதுவரை பை தாங்க வேண்டும்.

முதலில் அறுவது காதுதான். துணி நன்றாக இருக்கும். ஐந்து கிலோ அரிசியைத் தூக்கும்போது தையல் பிரிந்துவிடும். பல பைகளில் காதை விளிம்பில் ஒற்றைத் தையலில் ஒட்ட வைத்திருப்பார்கள், மொத்த எடையும் அந்த ஒரு கோட்டில் விழுகிறது. காதின் நுனி ஒன்றரை அங்குலமாவது உள்ளே இறங்கி, நான்கு பக்கமும் சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போட்டிருந்தால் நம்பி வாங்கலாம். இல்லாவிட்டால் புதிதாக இருக்கும்போதே தையல்காரரிடம் கொடுத்து அப்படித் தைத்து வாங்கிவிடுங்கள். பையை உட்புறம் திருப்பி ஓரத்தையும் பாருங்கள். ஓவர்லாக் (துணியின் வெட்டு விளிம்பை நூலால் சுற்றிப் பூட்டும் தையல்) இல்லாத ஓரம் நாலு சலவையில் நூல் பிரியும்.

அடுத்த எதிரி ஈரம். கொத்தமல்லி, கீரை வாங்கிய பையை அப்படியே மடித்து வைத்தால் கறுப்புப் புள்ளி விழும். அந்தப் பூஞ்சைக் கறை எளிதில் போகாது. வந்ததும் உதறி, உட்புறம் வெளியே தெரியக் காயப்போட்டால் போதும். காடாத்துணி முதல் சலவையில் சுருங்கும், மஞ்சள் சாயமும் இறங்கும்; தனியாகத்தான் துவைக்க வேண்டும்.

மீன், கறிக்குத் துணிப்பை வேண்டவே வேண்டாம். மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு எடுத்துப் போங்கள். வெறும் தூக்கைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கிய பிறகு போடச் சொல்லுங்கள். தேங்காய், பூசணிக்கு வயர் கூடையோ கட்டைப்பையோ சௌகரியம்.

துணி போலவே தெரியும் நான்-ஓவன் (நெய்யாத) பை துணியே அல்ல, பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். வெயிலில் கிடந்தால் பொடிந்து உதிரும், உதிர்வதெல்லாம் பிளாஸ்டிக் துகள். புதிதாக வாங்குவதென்றால் அதைத் தவிர்த்துவிடுங்கள். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்த பை அதைவிட எவ்வளவோ மேல். அதற்கென்று புதிதாகப் பருத்தி விளைய வேண்டியதும் இல்லை.