மூலையா, நட்சத்திரமா, காரணமா? மழலையர் வகுப்பின் மூன்று வழிகள்

எல்.கே.ஜி. வகுப்பில் ஒரு குழந்தை பக்கத்துக் குழந்தையைக் கடித்துவிடுகிறது. ஆசிரியைக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு: தனியே உட்காரவைப்பது, "கடிக்காமல் இருந்தால் நட்சத்திரம்" என்று ஆசை காட்டுவது, ஏன் கடித்தது என்று பார்ப்பது. அடிப்பதை நான் இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அது பேச்சுக்கே இடமில்லாதது.

தனியே உட்காரவைப்பதில் உடனடிப் பயன் இருக்கிறது: கடிபட்ட குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஆனால் கொந்தளிப்பில் இருக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தானாக அடங்கத் தெரியாது. பெரியவர் அருகில் இருந்தால்தான் அடங்கும். மூலையில் அது அழுது ஓய்வதை நாம் திருந்திவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். அதைவிட மோசம், மற்ற பிள்ளைகள் அதற்குள் "அவன் கெட்ட பையன்" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

நட்சத்திரம் மென்மையானது, எல்லோருக்கும் பிடித்தது. அதனாலேயே அதைக் கூர்ந்து பார்க்கவேண்டும். 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் உள்ள சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள், கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அவர்கள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதிதான். சொல்லாமல் கொடுத்தபோது அந்தச் சரிவு இல்லை. பிடிக்காத வேலையைத் தொடங்கவைக்கப் பரிசு ஓரளவு உதவலாம். பொம்மையைப் பகிரும் இயல்பான அன்புக்கு விலைச்சீட்டு ஒட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோமின் ஏழைக் குடியிருப்பில் தொடங்கிய 'குழந்தைகள் இல்லம்' பற்றி எழுதிய ஒரு நிகழ்ச்சியில் மூலையும் நட்சத்திரமும் சேர்ந்தே வருகின்றன. அறை நடுவே நாற்காலியில் ஒரு குழந்தை. மார்பில் நன்னடத்தைப் பதக்கம். விசாரித்தால், அது தண்டனை பெற்ற குழந்தை! பதக்கத்தை வென்ற குழந்தைக்கு அது வேலைக்கு இடைஞ்சலாகப் பட்டதால், கழற்றி இதனிடம் கொடுத்திருந்தது. மாண்டிசோரி பரிசு, தண்டனை இரண்டையுமே கைவிட்டார். அவரே 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். ஆனாலும் நம் வகுப்புச் சுவர்களில் நட்சத்திர அட்டவணைகள் இன்னும் தொங்குகின்றன.

மூன்றாவது வழிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிறகு என்ன கிடைத்தது என்று சில நாள் எழுதிவந்தால் ஒழுங்கு தென்படும். சாப்பாட்டுக்கு முந்தைய பசி நேரமாக இருக்கலாம். கைகழுவ வரிசையில் நெருக்கியடித்து நிற்கும் நேரமாக இருக்கலாம். திருப்பூரில் வேலைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை வீட்டில் இந்தி பேசலாம். "எனக்கும் தா" என்று தமிழில் கேட்கத் தெரியாதபோது பல் முந்திக்கொள்கிறது. காரணம் தெரிந்தால் கைகழுவ நான்கு நான்கு பேராக அனுப்பலாம், அதே பொம்மையில் இன்னொன்று வைக்கலாம், அந்த இரண்டு சொற்களைக் கற்றுத்தரலாம்.

காரணம் தேடுவது கண்டுகொள்ளாமல் விடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலில் கடிபட்ட குழந்தையைக் கவனிக்கவேண்டும். கடித்த குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, "கடிக்க விடமாட்டேன், வலிக்கும்" என்று உறுதியாகச் சொல்லவேண்டும்.

இதற்கு நேரம் தேவை என்பது உண்மையான சிக்கல். ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் உள்ள அங்கன்வாடியில் எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, சமையல் எல்லாம் இருக்கின்றன. அங்கே எல்லாப் பிள்ளைகளையும் எழுதமுடியாது. அதிகம் தவிக்கும் ஒரு பிள்ளையை மட்டும் எழுதலாம்.

என் தேர்வு மூன்றாவது வழிதான். மூலையைப் பாயும் படப்புத்தகமும் உள்ள அமைதி இடமாக மாற்றி, ஆசிரியையும் கூடவே போய் உட்கார்ந்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம். நடத்தைக்கான நட்சத்திரத்தை எடுத்துவிடுவேன். மாலையில் பள்ளி வாசலில் மற்ற பெற்றோர் காதுபட "உங்கள் பையன் இன்றும் கடித்தான்" என்று சொல்வதையும் நிறுத்துவேன், அம்மாவைத் தனியே அழைத்து, "காலையில் சாப்பிட்டானா, இரவு தூங்கினானா?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குவேன்.