டிராகன் பால் கேம்ல எத வாங்கலாம்? கிரிலின் ஃப்ரீசாவ ஜெயிக்கலாமாங்கறதுல இருக்கு பதில்

டிராகன் பால் கேம் ஒண்ணு வாங்கணும் எது நல்லாருக்கும்னு யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குறது ஒரே கேள்விதான். சாதாரண மனுசன் கிரிலின், கதையோட பயங்கர வில்லன் ஃப்ரீசாவ அடிச்சு ஜெயிச்சா உங்களுக்கு ஓகேவா?

ஏன்னா இந்த அனிமேயோட உயிரே பவர் வித்தியாசத்துல இருக்கு. வேற்றுகிரக வில்லன் ராடிட்ஸ் பூமிக்கு வந்து எறங்குன உடனே, பவர அளக்குற ஸ்கௌட்டர்ங்கற கருவிய வச்சு ஒரு விவசாயிய அளந்து பாப்பான், வெறும் 5 காட்டும். நாமெக் கிரகத்துல ஃப்ரீசா தன்னோட பவர் 5 லட்சத்து 30 ஆயிரம்னு சொல்லுவான், அதுவும் முதல் உருவத்துல. அந்த மலைக்க வைக்கிற இடைவெளிய பயிற்சியும் பிடிவாதமும் கோவமும் சேந்து எப்படி கடக்குதுங்கறதுதான் மொத்தக் கதை. ஆனா கேம்னு வந்துட்டா ரெண்டு பேர் உக்காந்து விளையாடணும், ரெண்டு பேருக்கும் சமமா சான்ஸ் இருக்கணும், இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டுது. இப்ப கிடைக்கிற நாலு பெரிய கேமும் இந்த முட்டல ஆளுக்கொரு விதமா சமாளிக்குதுங்க.

முதல்ல ஃபைட்டர்இசட். 2018 ஜனவரில வந்துச்சு, பண்ணுனது கில்டி கியர்ங்கற சண்டை கேம் எடுத்த ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ். மூணுக்கு மூணு டீம், பக்கவாட்டுல நின்னு அடிக்கிற பழைய ஸ்டைல் சண்டை கேம். இதுல வித்தியாசம்ங்கறதையே தூக்கிட்டாங்க, பலவீனமான மனுசன் யாம்சாவும் சமம், அழிவுக் கடவுள் பீரஸும் சமம். கேக்க அனிமேக்கு துரோகம் மாதிரி தோணும், ஆனா கண்ணால பாத்தா அனிமேக்கு இதவிட நெருக்கமான கேம் கிடையாது. மாடல் எல்லாம் 3டி தான், இருந்தாலும் அசைவ வழவழன்னு ஓடவிடாம கையால வரைஞ்ச ஃப்ரேம் மாதிரி வெட்டி வெட்டி வச்சிருக்காங்க, அதனால ஒவ்வொரு அடியும் டிவில பாத்த அதே அடி மாதிரி விழும். கிரிலின் தன் டீம்மேட்டுக்கு காயத்த ஆத்துற சென்சு பீன் எறிவான் பாருங்க, அவன் கதையில என்ன செஞ்சானோ அதத்தான் கேம்லயும் செய்யுறான், பலம் மட்டும்தான் சமமாயிருக்கு. நாப்பாவும் யாம்சாவும் மோதி சரியான அடில முடிஞ்சா யாம்சா அனிமேல சாகுறப்ப மாதிரியே குழிக்குள்ள சுருண்டு கெடக்குற சீன் அப்படியே வரும்.

சமமாக்குனதுனால கிடைச்ச லாபத்தையும் சொல்லணும். ஈவோங்கற சண்டை கேம் போட்டியோட 2018 ஃபைனல்ல அமெரிக்க பிளேயர் சோனிக்ஃபாக்ஸ் ஜப்பானோட கோ1ன ஜெயிச்சப்ப அவர் டீம்ல இருந்தது பார்டாக், ஸமாசு, ஆண்ட்ராய்டு 16. கதையில அந்த 16 யாரு? வில்லன் செல் காலால தலைய நசுக்கி, அதப் பாத்து ஹீரோ கோகுவோட மகன் கோஹான் வெடிக்கிறதுக்கு காரணமா இருந்தவன். அவன் உலகத்துலயே பெரிய சண்டை கேம் போட்டில கப்பு வாங்குன டீம்ல நிக்கிறான், இது ஃபைட்டர்இசட்ல மட்டும்தான் நடக்கும். ஒரே பட்டன தட்டுனா தானா காம்போ, அதாவது தொடர் அடி, ஓடும், அதனால முதல் நாளே ஜாலியா விளையாடலாம், ஆனா ஆன்லைன்ல போனீங்கன்னா மூணு பேர வச்சு சுவத்தோட சேத்து ஒட்டவச்சு முழு லைஃபையும் உருவிடுவாங்க, நீங்க கண்ட்ரோலர கையில வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கணும். அத தாங்கிக்கிட்டு கத்துக்கிற பொறுமை இருக்கணும். 2024ல பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், பிசிக்கு நெட் தாமதத்த மறைக்கிற ரோல்பேக் நெட்கோட் வந்தப்புறம் தூரத்துல இருக்குற ஆள்கூட விளையாடறது ரொம்பவே மாறிடுச்சு, பிஎஸ்4ல அது இல்ல, வாங்குறப்ப கவனிச்சு வாங்குங்க.

இதுக்கு நேர் எதிர்ல நிக்கிறது ஸ்பார்க்கிங் ஜீரோ. 2024 அக்டோபர்ல வந்துச்சு, அந்த வருசம் மார்ச்லதான் டிராகன் பால உருவாக்குன தோரியாமா எறந்துபோனாரு, அந்த வலியோடதான் நெறைய பேர் இத ஓப்பன் பண்ணோம். ஸ்பைக் சுன்சாஃப்ட் எடுத்தது, மேற்கு நாடுகள்ல புடோகாய் டென்காய்ச்சின்னு வித்த அந்த பழைய வரிசையோட தொடர்ச்சி. 2007ல வந்த மூணாவது பாகத்துக்கப்புறம் இத்தன வருசம் காத்திருந்தோம். வந்தப்பவே 182 கேரக்டர். கேமரா முதுகுக்குப் பின்னாடி இருக்கும், மலைய ஒடச்சுக்கிட்டு வானத்துல பறந்து பறந்து அடிச்சுக்கலாம்.

இங்க கிரிலின் கிரிலின்தான். ஃப்ரீசா ஃப்ரீசாதான். சமமாக்க அவங்க முயற்சியே பண்ணல, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. கோகுவோட கதையில ஆரம்பத்துலயே வெஜிட்டா பெரிய குரங்கா மாறுவான், நீங்க எவ்வளவு குத்துனாலும் அசையமாட்டான், கை ஓங்குனா நீங்க காலி. வந்த புதுசுல ஏகப்பட்ட பேர் அங்கயே மாட்டிக்கிட்டு கத்துனாங்க, ஆனா அனிமேல அந்த எடத்துல கோகு பட்டதும் அதே பாடுதானே? அந்த ‘இவன எப்படி அடிக்கிறது’ங்கற பயத்த வேற எந்த கேமும் எனக்கு இவ்வளவு நேரடியா தரல. ஆன்லைனுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வெல, மொத்தம் 15 பாயிண்டுக்குள்ள டீம் சேக்கணும், ரெண்டு பேர் ஒண்ணா சேந்த ஃப்யூஷன் ஆளுங்க, தெய்வ லெவல் ஆளுங்க எல்லாம் வெல ஜாஸ்தி. இது நல்ல யோசனைதான், என்ன ஆச்சுன்னா குறைஞ்ச வெலைக்கு கிடைச்ச யஜிரோபே சென்சு பீன சாப்ட்டு சாப்ட்டு எழுந்து ஆன்லைன்ல எல்லாரையும் நோகடிச்சுட்டான்.

கதை மோடுல இன்னொரு விசயம், ‘இப்படி நடந்திருந்தா’ங்கற கிளைகள். ராடிட்ஸ தேடிப் போற எடத்துலயே பழைய எதிரி பிக்கலோகூட சேரலாமா வேணாமான்னு கேக்கும், நீங்க எடுக்குற முடிவுக்கு ஏத்த மாதிரி கதை வேற பக்கம் போகும். ஆனா நடுவுல வர்ற கதைய பாதி இடத்துல வெறும் ஸ்லைடு மாதிரி ஓட்டிடுறாங்க, அனிமே பாக்காதவனுக்கு ஒண்ணுமே புரியாது. எனக்கு நெஜமாவே கோவம் வந்தது இதுக்குத்தான்: ஒரே வீட்ல ரெண்டு பேர் உக்காந்து ஸ்பிளிட் ஸ்க்ரீன்ல விளையாடணும்னா வந்தப்ப ஒரே ஒரு ஸ்டேஜ்தான் இருந்துச்சு, அந்த வெள்ளை வெளேர்னு காலியா இருக்குற பயிற்சி அறை. அண்ணன் தம்பி பக்கத்துல பக்கத்துல உக்காந்து விளையாடி வளந்த வரிசைக்கு இப்படி பண்ணது பெரிய கொறை.

ககரோட் இந்த சமமா இல்லையாங்கற சண்டைக்குள்ளயே வரல, ஏன்னா அது தனியா உக்காந்து, கதையோட போய் லெவல் ஏத்தி விளையாடற ஆர்பிஜி. 2020 ஜனவரி, நரூட்டோ ஸ்டார்ம் எடுத்த சைபர்கனெக்ட்2. சையன்ங்கற வேற்றுகிரக இனம் வர்றதுலருந்து கடைசி வில்லன் பூ கதை முடியற வரைக்கும் டிராகன் பால் இசட் தொடர் மொத்தமும் இருக்கு. பவர் வித்தியாசம் இங்க லெவல் நம்பரா மாறிடுது, அதுல எனக்கு பெரிய ஈர்ப்பு இல்ல, சண்டையும் பத்து மணி நேரத்துல பழகிடும், பறக்குறப்ப சின்ன சின்ன எதிரிங்க வந்து வந்து நிறுத்தறது எரிச்சல். ஆனா சண்டைக்கு நடுவுல இருக்குற வாழ்க்கைய இது மட்டும்தான் எடுத்துக் காட்டுது. கோகு பொய் வாலு ஒண்ண கட்டி தண்ணில விட்டு மீன் புடிப்பான், புடிச்ச மீன அவன் மனைவி சிச்சி சமைச்சு போடுவா, அத சாப்ட்டா பலம் ஏறும். கோகுவும் பிக்கலோவும் டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போற அந்த எபிசோடு கூட இருக்கு. இதெல்லாம் செஞ்சுட்டு செல்கிட்ட போய் நிக்கிறப்ப யாருக்காக சண்ட போடுறோம்னு தெரியும், அதனாலதான் கோகு உயிர விடற எடத்துல கண்ணு கலங்குது. அனிமேவே பாக்காத ஒருத்தருக்கு குடுக்கறதா இருந்தா யோசிக்காம இதக் குடுங்க.

ஜெனோவெர்ஸ் 2, 2016ல டிம்ப்ஸ் எடுத்தது, வந்து பல வருசம் ஆகியும் புது டிஎல்சி, அதாவது கூடுதல் பகுதிங்க, வந்துச்சு. உங்க ஆள நீங்களே செய்யணும்: சையன், நாமெக்கியன், மஜின், ஃப்ரீசா இனம், மனுசன், எது வேணா. ஃப்ரீசா சமமாங்கற கேள்விக்கே இங்க வேலை இல்ல, ஏன்னா கதைக்கு வெளிய இருந்து வந்த ஆள் நீங்க, வரலாற யாரோ மாத்துறாங்க, அத சரி பண்றது உங்க வேலை. பிக்கலோகிட்டயும் கிரிலின்கிட்டயும் போய் பாடம் கத்துக்கிறது அருமையா இருக்கும். ஆனா நல்ல ஸ்கில் வேணும்னா அதே மிசன திரும்பத் திரும்ப ஓட்டணும், கிடைக்கிறது அதிர்ஷ்டம். கிராபிக்ஸும் வயசு காட்டுது. தள்ளுபடில அடிமாட்டு வெலைக்கு வர்றப்ப வாங்கிக்கலாம், மூணு நாலு ஃப்ரெண்ட்ஸ் சேந்து மிசன் போறதுக்கு இதுதான் வசதி.

என் ஓட்டு ஸ்பார்க்கிங் ஜீரோவுக்கு, கேமா பாத்தா ஃபைட்டர்இசட் ஒசத்தின்னு தெரிஞ்சும். ஃபைட்டர்இசட்ல தோத்தா நான் பிராக்டிஸ் மோடுக்கு போவேன். ஸ்பார்க்கிங் ஜீரோல கிரிலின வச்சு ஃப்ரீசாகிட்ட ஒரு ரவுண்டு தாக்குப்புடிச்சாலே எழுந்து நின்னு கத்தத் தோணுது. வீட்ல கூட விளையாட ஆள் இருக்குன்னா மட்டும் ஃபைட்டர்இசட்ட எடுங்க, அங்க ரெண்டு கண்ட்ரோலர் இருந்தா போதும், எல்லா ஸ்டேஜும் திறந்திருக்கும்.