தி கோல்டன் காம்பஸ்: கிளைமாக்ஸ எங்கய்யா வச்சீங்க?

2007 டிசம்பர்ல வந்த படத்துக்கு இப்ப எதுக்கு ரிவ்யூன்னு கேப்பீங்க. போன வாரம் மறுபடி பாத்தேன், பழைய கோவம் அப்படியே திரும்பி வந்துடுச்சு, எங்கயாவது கொட்டணும்ல, அதான். ஸ்பாய்லர் எக்கச்சக்கமா இருக்கு, புக்க இன்னும் படிக்கல, படிக்கப்போறேங்கறவங்க இங்கயே இறங்கிக்கோங்க.

கதை பிலிப் புல்மன் எழுதின மூணு புக்ல மொத புக். 1995ல இங்கிலாந்துல 'நார்தர்ன் லைட்ஸ்'ங்கற பேர்ல வந்துச்சு, அமெரிக்காவுக்கு போனதும் 'தி கோல்டன் காம்பஸ்' ஆயிடுச்சு. இந்த பேர் மாறினதே ஒரு கூத்து. மொத்த சீரிசுக்கும் ஆரம்பத்துல யோசிச்சு வச்ச பேரு 'தி கோல்டன் காம்பஸஸ்', அது மில்டனோட 'பாரடைஸ் லாஸ்ட்'ல இருந்து எடுத்தது, உலகத்த படைக்கறப்ப எல்லை போட வட்டம் இழுக்கற கருவி, அதாவது நம்ம ஜியாமெட்ரி பாக்ஸ்ல கிடக்குமே கவராயம், அது. அமெரிக்கா பதிப்பகத்துல இருந்தவங்க கதையோட நாயகி, சின்னப்பொண்ணு லைரா கையில வச்சிருக்கற வட்டமான தங்க மிஷினத்தான் சொல்றாங்க போலன்னு நெனச்சு அந்த பேரையே பிடிச்சுக்கிட்டாங்க. தமிழ்ல கவராயம் வேற திசைகாட்டி வேற, இங்கிலீஷ்ல ரெண்டுமே காம்பஸ், அதுல வந்த குழப்பம். இத்தனைக்கும் லைராகிட்ட இருக்கறது திசையே காட்டாது. அலெதியோமீட்டர்னு பேரு, சுத்தி 36 படம் இருக்கும், மூணு முள்ள நாம திருப்பி கேள்வி கேக்கணும், நாலாவது முள்ளு தானா சுத்தி பதில் சொல்லும், பொய்யே சொல்லாது. பேர்லயே தப்பா ஆரம்பிச்ச படம்னு வச்சுக்கோங்களேன்.

அந்த டைம்ல எங்கள மாதிரி புக் வெறியர்ங்க எப்படி காத்துக்கிட்டு இருந்தோம்ங்கறத சொன்னாதான் இந்த கோவம் புரியும். 2001ல ஹாரி பாட்டரும் லார்ட் ஆஃப் தி ரிங்ஸும் ஒரு மாச இடைவெளில வந்து அடிச்ச அடில, சின்ன பசங்க படிக்கற ஃபேன்டசி புக் எதுவா இருந்தாலும் ஸ்டூடியோக்காரங்க வாங்கிப் போட ஆரம்பிச்சாங்க. இந்த புக்க எடுத்தது ரிங்ஸ் எடுத்த அதே நியூ லைன் சினிமா. டீசர் நியாபகம் இருக்கா? தங்க மோதிரம் ஒண்ணு சுத்திக்கிட்டே வரும், 2001ல மிடில் எர்த் கதவ தொறந்தோம்னு எழுத்து வரும், அப்படியே அந்த மோதிரம் அலெதியோமீட்டரா மாறும். அத எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கே கிடையாது. இப்ப பாத்தா நேர்மையான விளம்பரம்தான், எங்களுக்கு இன்னொரு ரிங்ஸ் வேணும்னு ஓப்பனா சொல்லிட்டாங்க, நாங்கதான் அத காதுல வாங்கல.

டைரக்டர் விஷயத்துலயே வயித்துல புளி கரைச்சாங்க. கிறிஸ் வைட்ஸ், அமெரிக்கன் பைங்கற டீன் ஏஜ் காமெடி எடுத்த ஆளு, அவர்கிட்ட குடுத்தாங்க. எங்க ஆளுங்க பாதி பேர் அப்பவே தலைல கைய வச்சுட்டாங்க, பாதி பேரு இல்ல அவரு புக்க நிஜமாவே விரும்பறவரு பொறுங்கன்னாங்க. 2004ல அவரே இவ்ளோ பெரிய டெக்னிக்கல் வேலைய நம்மளால தாங்க முடியாதுன்னு விலகிட்டாரு. அப்பறம் ஆனந்த் டக்கர் வந்தாரு, அவரும் 2006ல போயிட்டாரு, மறுபடி வைட்ஸே வந்து உக்காந்தாரு. இதுக்கு முன்னாடி டாம் ஸ்டாப்பர்ட் மாதிரி பெரிய நாடக ஆசிரியர் எழுதின ஸ்கிரிப்ட்டையும் ஓரமா வச்சுட்டாங்க.

நடிகர்ங்க லிஸ்ட் வந்தப்ப மட்டும் திருவிழாதான். லைராவுக்கு சுமார் பத்தாயிரம் பொண்ணுங்கள பாத்துட்டு டக்கோட்டா புளூ ரிச்சர்ட்ஸ்ங்கற புதுப்பொண்ண எடுத்தாங்க. நிக்கோல் கிட்மன் வில்லி மிசஸ் கோல்ட்டர், டேனியல் கிரெய்க் லைராவோட அப்பா லார்ட் ஆஸ்ரியல், பலூன்காரர் லீ ஸ்கோர்ஸ்பியா சாம் எலியட். புக்ல மிசஸ் கோல்ட்டருக்கு கருப்பு முடி, கிட்மனுக்கு பொன்னிற முடி, இதுக்கு ஒரு பஞ்சாயத்து ஓடுச்சு பாருங்க. கடைசில புல்மனே வந்து, நான்தான் தப்பா எழுதிட்டேன், அவங்களுக்கு பொன்னிறம்தான் சரின்னு சொல்லி எல்லார் வாயையும் அடைச்சாரு. எழுதினவரே கட்சி மாறினப்பறம் நாம என்ன பேசறது.

சரி படத்துக்கு வரேன். புக் எப்படி ஆரம்பிக்கும்? ஆக்ஸ்போர்டு காலேஜ்ல பெரியவங்க மட்டும் போற ரூமுக்குள்ள லைரா திருட்டுத்தனமா நுழையறா, ஆள் வர சத்தம் கேட்டு அலமாரிக்குள்ள கோட்டுங்களுக்கு நடுவுல பதுங்கறா. அந்த இடுக்கு வழியா அவ பாக்கறததான் நாமளும் பாக்கறோம். டஸ்ட்னா என்ன, டீமன்னா என்ன, யாரும் விளக்க மாட்டாங்க, கூடவே போய் நாமளா பொறுக்கிக்கணும். படம் எப்படி ஆரம்பிக்குது? ஈவா கிரீன் குரல்ல, பல உலகங்கள் இருக்கு, இந்த உலகத்துல ஆத்மா உடம்புக்கு வெளியில மிருகமா நடக்கும், அதுக்கு பேரு டீமன், டஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, உண்மை சொல்ற கருவி ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருக்குன்னு மொத்தத்தையும் ரெண்டு நிமிஷத்துல ஒப்பிச்சுடறாங்க. பரீட்சைக்கு முன்னாடி நோட்ஸ் குடுக்கற மாதிரி. மேஜிக் காட்டப்போறவரு மொதல்லயே தொப்பிய கவுத்து முயல எடுத்து வெளிய விட்டா எப்படி இருக்கும்.

இன்னொண்ணு, அதே ரூம்ல ஆஸ்ரியலுக்கு வைன்ல விஷம் வைப்பாங்க. புக்ல அத வைக்கறது காலேஜோட மாஸ்டர், நல்ல மனுஷன், லைராவ வளத்த ஆளு. நல்லவரு ஏன் விஷம் வைக்கறாருன்னு அந்த பொண்ணுக்கும் புரியாது நமக்கும் புரியாது, அங்கதான் கதை நம்ம சட்டைய பிடிச்சு உள்ள இழுக்கும். படத்துல அத மேஜிஸ்டீரியம்ங்கற அதிகாரக் கும்பலோட வில்லன் கையில குடுத்துட்டாங்க. முடிஞ்சுது, கெட்டவன் கெட்டது பண்றான், அடுத்த சீன்.

திட்டிக்கிட்டே இருக்கேன்னு நெனைக்காதீங்க, நல்லதும் இருக்கு. டீமன் விஷயத்துல கைய எடுத்து கும்பிடணும். பசங்களோட டீமன் உருவம் மாறிக்கிட்டே இருக்கும், பெரியவங்க ஆனா ஒண்ணுல நின்னுடும், இத எப்படிடா திரைல காட்டப்போறாங்கன்னுதான் எங்க பெரிய பயமே. லைராவோட பான் பூனையா ஓடி, பறவையா பறந்து, அவ தோள்ல வந்து உக்காரறப்ப கீரிப்பிள்ளை சைஸ்ல வேற ஒண்ணா இருக்கும், துருத்தாம அவ்ளோ இயல்பா இருக்கும். எனக்கு படத்துலயே பிடிச்ச சீன் ஒண்ணு இருக்கு, அஞ்சு செகண்ட்தான் வரும். மிசஸ் கோல்ட்டர் அவங்க தங்கக் குரங்க ஓங்கி ஒரு அறை விடுவாங்க. அது சுருண்டு போகும். அடுத்த நொடி அவங்க முகம் மாறும், அத எடுத்து மடில போட்டு தடவி குடுப்பாங்க. டீமன்னா ஆத்மான்னு தெரிஞ்சவங்களுக்கு அந்தம்மா யார அடிச்சாங்கன்னு புரியும். ஒரு வரி வசனம் கிடையாது. ஆரம்பத்துல அந்த ரெண்டு நிமிஷ லெக்சருக்கு பதிலா இந்த மாதிரி நாலு சீன் வச்சிருந்தா போதாதா!

கரடிச் சண்டையும் சூப்பர். இயான் மெக்கல்லன் குரல்ல இயோரெக், கவசம் போட்ட வெள்ளக் கரடி. ரெண்டு கரடியும் பனில மோதி கடைசில ஒரே அறைல எதிரியோட தாடை தனியா பிச்சுக்கிட்டு பறக்கும், தியேட்டர்ல குடும்பத்தோட வந்த பெத்தவங்க எல்லாம் ஆன்னு வாய பொளந்தது இன்னும் கண்ணுல நிக்குது. புக்லயும் அப்படித்தான், அதுல மட்டும் கை வைக்கல, நல்லவேளை. அந்த வருஷம் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர டிரான்ஸ்ஃபார்மர்ஸையும் பைரட்ஸ் மூணாவது பார்ட்டையும் தள்ளிட்டு இந்த படம்தான் வாங்குச்சு, தகுதியான விருது.

ஆனா அந்த சண்டை இருக்கற இடம் தப்பு. புக்ல மொதல்ல போல்வாங்கர், பசங்கள கடத்தி வச்சு டீமன வெட்டி பிரிக்கற அந்த கொடூரமான இடம், அதுக்கு அப்பறம்தான் கரடிங்க ஊரு. படத்துல தலைகீழா மாத்திட்டாங்க, கடைசில கும்பலா ஒரு சண்டை வேணும்ல, அதுக்காக.

டீமன வெட்டின ஒரு பையன லைரா ராத்திரில ஒரு குடிசைல கண்டுபிடிக்கற சீன் இருக்கு. புக்ல அந்த பையன் கையில ஒரு காஞ்ச மீன இறுக்கி பிடிச்சிருப்பான். கருவாடு. போன டீமனுக்கு பதிலா பிடிச்சுக்க அவனுக்கு கிடைச்சது அதான். அவன் செத்தப்பறம் யாரோ அந்த மீன நாய்க்கு போட்டுட்டாங்கன்னு தெரிஞ்சு லைரா பொங்குவா பாருங்க, அந்த பக்கத்த நான் பஸ்ல படிச்சேன், மூக்க உறிஞ்சிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். படத்துல பையன் இருக்கான், வேற பேரு, மீனு இல்ல, அவன அம்மாகிட்ட கொண்டு போய் சேத்துடறாங்க. எங்க கூட்டத்துல யார கேட்டாலும் கிளைமாக்சுக்கு அடுத்தபடியா இந்த மீனத்தான் சொல்லுவாங்க. ஒரு காஞ்ச மீனுக்கு என்ன பெரிய பட்ஜெட் ஆகப்போகுது?

மத விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். புக்ல மேஜிஸ்டீரியம்ங்கறது சர்ச்சேதான், ஒளிவு மறைவே கிடையாது. படத்துல அந்த வார்த்தைய துடைச்சு எடுத்துட்டு பொதுவா அதிகாரக் கும்பல் மாதிரி காட்டினாங்க. அப்படியும் அமெரிக்காவுல கத்தோலிக் லீக் படத்த புறக்கணிங்கன்னு கிளம்புச்சு, இங்கிலாந்துல மதச்சார்பின்மை சங்கக்காரங்க ஏன் தண்ணி கலந்தீங்கன்னு கேட்டாங்க. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. யாருக்கு பயந்து மாத்தினாங்களோ அவங்க வரவே இல்ல, யாரு வந்தோமோ எங்களுக்கு மிச்சம் வைக்கல.

இப்ப கிளைமாக்ஸ். இதுக்குத்தான் இவ்ளோ நேரம் சுத்தி வந்தேன்.

புக்கோட கடைசி மூணு அத்தியாயம்தான் புக்கே. லைரா தன் உயிர் நண்பன் ரோஜர கூட்டிக்கிட்டு அப்பா ஆஸ்ரியல காப்பாத்த போறா. அவர பாத்ததும்தான் தெரியுது, இன்னொரு உலகத்துக்கு பாலம் போட அவருக்கு ஒரு குழந்தை தேவை, அதோட டீமன வெட்டணும். ரோஜர கொன்னுடறாரு. இவ்ளோ தூரம் உயிர பணயம் வச்சு இவ கொண்டு போய் குடுத்தது அவனத்தான். வானம் கிழிஞ்சு தொறக்குது, செத்த நண்பன பனில விட்டுட்டு லைராவும் பானும் அந்த வெளிச்சத்துக்குள்ள நடந்து போறாங்க. இத படிச்ச ராத்திரி எனக்கு எப்படி போச்சுன்னு சொல்ல வராது, அதுவரைக்கும் படிச்ச எந்த சிறுவர் புக்கும் என்ன அந்த மாதிரி கைவிட்டதில்ல.

இத ஷூட் பண்ணாங்க. நல்லா கவனிங்க, எடுக்கல இல்ல, எடுத்தாங்க, டிரெய்லர்லயே துண்டு துண்டா காட்டினாங்க, ஸ்டில்லும் விட்டாங்க. ரிலீசுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வைட்ஸ் அந்த பகுதிய அடுத்த படத்தோட ஆரம்பத்துக்கு தள்ளி வச்சிட்டோம்னு சொன்னாரு. அப்ப எங்களுக்குள்ள நடந்த சண்டை இருக்கே, ஒரு குரூப்பு சரி அடுத்த படத்துல வந்துடும்ல பொறுமையா இருங்கன்னு, இன்னொரு குரூப்பு அடுத்த படம்னு ஒண்ணு வந்தாத்தானேன்னு. நான் மொத குரூப்பு. ஆமா, நானேதான்.

180 மில்லியன் டாலர் செலவு, அமெரிக்காவுல வந்தது 70 மில்லியன். உலகம் முழுக்க சேத்தா 372 மில்லியன், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா வெளிநாட்டு உரிமைய முன்னாடியே வித்துத்தான் படத்துக்கே காசு பொரட்டியிருந்தாங்க, அதனால அந்த பணம் நியூ லைன் கைக்கு வரல. 2008ல நியூ லைனையே வார்னர் பிரதர்ஸ் உள்ள இழுத்துக்கிச்சு. அடுத்த படமும் போச்சு, கிளைமாக்சும் போச்சு. டிவிடிலயாவது இருக்கும்னு ரெண்டு டிஸ்க் செட்டா பாத்து வாங்கினேன், எஃபெக்ட்ஸ் எப்படி பண்ணோம், டிரெஸ் எப்படி தைச்சோம்னு எல்லாம் இருக்கு, அது மட்டும் இல்ல.

2019ல பிபிசியும் எச்பிஓவும் சேந்து சீரிஸா எடுத்தாங்க, 2022 வரைக்கும் மூணு சீசன், மூணு புக்கும் முடிச்சாங்க. அதுல மொத சீசன் கடைசில ரோஜர் சீன் வருது, பயப்படாம வச்சிருக்காங்க. ஆனா அதுல டீமன்ங்கள பெரும்பாலும் கண்ணுல காட்ட மாட்டாங்க, தெருவுல நிறைய மனுஷங்க வெறுங்கையோட நடக்கறாங்க, அந்த விஷயத்துல படம்தான் எனக்கு பெட்டர். படத்தோட டீமனும் சீரிஸோட கிளைமாக்சும் ஒண்ணா கிடைச்சிருந்தா நான் ஏன் இத எழுதப்போறேன்.

பாக்கலாமான்னு கேட்டா, 113 நிமிஷம்தான், பாக்கலாம். கரடிக்கும் குரங்குக்கும் மட்டும் அஞ்சுக்கு மூணு. புக்க படிச்சவங்க கடைசி சீன மட்டும் பல்ல கடிச்சுக்கிட்டு பாருங்க. லீயோட பலூன்ல எல்லாரும் போறாங்க, ரோஜர் பக்கத்துல உக்காந்திருக்கான், அப்பாவ போய் பாத்து எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்னு லைரா அவ்ளோ நம்பிக்கையா பேசறா, கேட் புஷ் பாட்டு ஆரம்பிக்குது, டைட்டில் ஓடுது.

தியேட்டர்ல என் தம்பி பக்கத்துல உக்காந்திருந்தான், புக்க தொட்டதே இல்ல. வெளிய வரப்ப, "அக்கா, செம ஹேப்பி எண்டிங்ல்ல, ரோஜரத்தான் காப்பாத்தியாச்சே, அடுத்த பார்ட்ல என்ன கதை?"ன்னு கேட்டான். வந்ததும் பாத்துக்கோடான்னு சொல்லிட்டேன். அவன் இன்னும் அந்த புக்க படிக்கல, சீரிசும் பாக்கல. அவனப் பொறுத்தவரைக்கும் ரோஜர் அந்த பலூன்லதான் போயிட்டிருக்கான்.