ஹார்ட் டிஸ்க்கில் 21,000 துண்டாகக் கிடந்த ஃபைல்: மூன்றரை வருட அனுபவம்

இரண்டு கேமராவில் எடுத்த ஒரு கல்யாண வீடியோ. தாலி கட்டும் இடத்தில் இரண்டு காட்சியையும் அருகருகே வைத்து ஓட்டினால், கெட்டிமேளம் ஒரு விநாடி கேட்கிறது, இரண்டு விநாடி நிற்கிறது. 2022 பிப்ரவரியில் எங்கள் ஸ்டூடியோவில் இதுதான் நிலைமை. பெண் வீட்டார் வீடியோவுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கோ ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரம் இழுத்தது.

ஸ்டூடியோ பினாங்கு லிட்டில் இந்தியாவில், ஒரு கடையின் மாடியில் இருக்கிறது. அப்பா தொடங்கியது. சிக்கல் எல்லாம் 2017இல் வாங்கிய 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் வகை. அந்த வருடம்தான் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதத்தோடு தங்க ரதமும் வந்தது. ஒன்று பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து, இன்னொன்று குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து. இரண்டையும் எடுக்க இரண்டு கேமரா வேண்டும், ஃபைலும் இரட்டிப்பு. அப்புறம் 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கல்யாணங்கள் நின்றபோது, அப்பா எடுத்த பழைய மினிடிவி (MiniDV) வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஆரம்பித்தேன். ஒரு மணி நேரக் கேசட் கிட்டத்தட்ட 13 ஜிபி ஆகும். எண்பது கேசட் முடிந்தபோது டிஸ்க்கில் மிச்சம் இருந்தது 42 ஜிபிதான்.

கேசட்டை மாற்றும்போது ஃபைல் மெதுவாகத்தான் எழுதப்படும், விநாடிக்கு மூன்றரை எம்பி அளவில். அதே நேரத்தில் அதே டிஸ்க்கில் நான் எடிட்டிங்கும் செய்துகொண்டிருந்தேன். எடிட்டிங் மென்பொருள் தற்காலிக ஃபைல்களை எழுதுகிறது, அழிக்கிறது, மறுபடி எழுதுகிறது. அழித்த இடமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டையாகிறது. அடுத்து வரும் பெரிய ஃபைல் அந்த ஓட்டைகளில் பிய்ந்து பிய்ந்து உட்காருகிறது. கல்யாணப் பந்தியில் தாமதமாக வந்த பத்துப் பேர் குடும்பம் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தால், சாம்பார் வாளிக்காரர் மண்டபம் முழுக்க ஓட வேண்டியிருக்கிறது அல்லவா, டிஸ்க்கின் தட்டைப் படிக்கும் முள் செய்வதும் அதேதான். ஒவ்வொரு தாவலுக்கும், முள் நகர்வதும் தட்டு சுற்றி வருவதும் சேர்த்து, சுமார் 13 மில்லி விநாடி போகும்.

சின்ன நேரம்தானே என்று தோன்றும். காண்டிக் என்ற இலவசக் கருவியை வைத்து ஒரே ஒரு ஃபைலைச் சோதித்தேன், 2004 தைப்பூசக் கேசட். 13 ஜிபி ஃபைல், 21,000 துண்டு. தாவுவதற்கு மட்டும் நாலரை நிமிடம். ஒட்டினாற்போல் இருந்திருந்தால் முழு ஃபைலையும் படிக்கவே ஒன்றே முக்கால் நிமிடம் போதும். அந்தக் கேசட்டில் கேமராவுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வரும்: “நகருங்க, நகருங்க, தேர் வருது.” அவர் குரல் எங்களிடம் வேறெங்கும் பதிவாகவில்லை. அந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

பிய்ந்து கிடக்கும் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் வேலைக்கு டிஃப்ராக் என்று பெயர். விண்டோஸ் 10இல் அது வாரம் ஒரு முறை தானாக ஓட வேண்டும். வழக்கமாக விடிகாலை இரண்டு மணிக்கு. அப்போது கம்ப்யூட்டர் அணைந்திருந்தால், பிறகு சும்மா இருக்கும் நேரம் பார்த்து ஓடும். எங்கள் கம்ப்யூட்டர் இரவில் அணைந்திருக்கும், பகலில் சும்மாவே இருக்காது. கடைசியாக ஓடி 200 நாளுக்கு மேல் ஆகியிருந்தது. 47 சதவீதம் சிதறல் என்று காட்டியது. சரி, ஓடட்டும் என்று இரண்டு இரவு விட்டேன். 41க்கு வந்து நின்றது. காலி இடம் இல்லாவிட்டால் எந்தக் கருவியாலும் முடியாது. குறைந்தது 15 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும் என்பார்கள், என்னிடம் இருந்தது இரண்டரை சதவீதம்கூட இல்லை.

ஒரு கடையில் கேட்டேன். டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், ஃபார்மட் செய்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். அன்று கொடுத்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மச்சான் மகன்தான் வந்து பார்த்தான். “மாமா, முதல்ல உடம்பு எப்படி இருக்குன்னு பார்த்துடலாம். வீடு கூட்டுறதெல்லாம் அப்புறம்.” டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவியில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைக் காட்டினான். முதலாவது, கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு அனுப்பப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை. இரண்டும் பூஜ்யம். இதை முதலில் பார்த்தே ஆக வேண்டும். டிஃப்ராக் என்பது டிஸ்க்கை மணிக்கணக்கில் வேலை வாங்குவது. நோயாளி டிஸ்க்காக இருந்தால் அந்த ஓட்டமே அதை முடித்துவிடும்.

ஆனாலும் அன்று நாங்கள் டிஃப்ராக் செய்யவில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, காலி டிஸ்க்கில் திருப்பிப் போட்டாலே ஃபைல்கள் ஒட்டினாற்போல் உட்காரும். 4 டிபி வெளி டிஸ்க் ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதில் நகலெடுத்தோம். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கியது மறுநாள் காலை எட்டரைக்கு முடிந்தது. விநாடிக்கு 35 எம்பிக்கு மேல் போகவில்லை. ஃபைல்களைத் திறந்து சரிபார்க்க ஒரு நாள். முக்கியமானவற்றை இன்னொரு டிஸ்க்கிலும் வைத்த பிறகுதான் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்தோம். அப்போது கிளஸ்டர் அளவை, அதாவது டிஸ்க் ஒரு ஃபைலுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடத்தின் அளவை, வழக்கமான 4 கேபிக்குப் பதில் 64 கேபி என்று வைத்தான். பெரிய வீடியோ ஃபைல்களுக்கு அது ஏற்றது. ஏராளமான சின்ன ஃபைல் வைப்பவர்களுக்கு இடம் வீணாகும்.

திருப்பி நகலெடுக்கும்போது வரிசை பார்த்தோம். தட்டின் வெளி விளிம்பு உள் விளிம்பைவிட வேகமானது, காலியான டிஸ்க்கில் முதலில் போடுவது பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும். அதனால் கேசட் ஃபைல்கள் முதலில். ஒரு நேரத்தில் ஒரு நகல் மட்டும், கூடவே வேறு வேலை கிடையாது. பழைய வாடிக்கையாளர் வேலைகளை வெளி டிஸ்க்கிலேயே விட்டோம், கால்வாசி இடம் காலியாகக் கிடந்தது. எடிட்டிங்கின் தற்காலிக ஃபைல்களுக்கு 250 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டேன். எஸ்எஸ்டிக்கு முள்ளும் இல்லை, தட்டும் இல்லை, அதை டிஃப்ராக் செய்யாதீர்கள். விண்டோஸ் அதற்கு டிரிம் என்ற வேறு வேலையைத் தானே செய்துகொள்ளும்.

அன்று கெட்டிமேளம் நிற்காமல் கேட்டது.

அதன் பிறகு மாதம் ஒரு முறை 05, சி5 பார்ப்பேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை விண்டோஸின் டிஃப்ராக். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், சிதறல் நான்கு சதவீதத்தைத் தாண்டியதில்லை. ஒரு முறை டிஃப்ராக் பாதியில் இருக்கும்போது மழையில் மின்சாரம் போனது. பதறிப்போய், டிஸ்க்கில் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டினேன், ஒரு ஃபைலும் போகவில்லை. மறுநாளே யூபிஎஸ் வாங்கினேன்.

ஒன்று மட்டும் என்னை ரொம்ப நாள் குழப்பியது. விண்டோஸ் பூஜ்யம் சதவீதம் என்று சொல்லும், டிஃப்ராக்ளர் என்ற வேறொரு கருவியோ ஒரு ஃபைலில் நூறு துண்டு காட்டும். 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளை விண்டோஸ் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது சரிதான். அவ்வளவு பெரிய துண்டைப் படிக்கவே அரை விநாடி ஆகும்போது, நடுவில் ஒரு தாவல் ஒரு பொருட்டே இல்லை. பூஜ்யத்தைத் துரத்தி நான் ஓட்டிய ஓட்டங்கள் டிஸ்க்குக்குத் தேய்மானம்தான். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

2025 ஆகஸ்டில் சி5 வரியில் 8 என்று வந்தது. எட்டு வருடம் உழைத்த டிஸ்க். இந்த முறை யாரையும் கேட்கவில்லை, டிஃப்ராக்கைத் தொடவும் இல்லை, நேராகப் புது டிஸ்க்குக்கு நகல். மூன்றேகால் மணி நேரத்தில் எல்லாம் வந்துவிட்டது. முதலில் எடுத்தது 2004 தைப்பூசத்தை. ஒன்றரை நிமிடம்.