சாஃப்ட்வேர் கம்பெனி வருடாந்திர கான்பரன்ஸ்: ஏழு தடவை போய்ட்டு வந்த அனுபவமும் ஒரு அரைக் கல்லும்

நேத்து ராத்திரி தேவகோட்டைல இருந்து மாப்ள ஒருத்தன் போன் பண்ணான். போன வருஷம்தான் அவன் நம்ம லைனுக்கே வந்திருக்கான், அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் வித்து சர்வீஸ் பண்ற வேலை. அந்த சாஃப்ட்வேர் கம்பெனி எங்கள மாதிரி விக்கிறவங்களுக்கு வருஷா வருஷம் ஒரு கான்பரன்ஸ் வைக்கும். "மாப்ள, இந்த வருஷம் கான்பரன்ஸ் டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு குறைச்சிருக்காங்க, மாசக் கடைசிக்குள்ள போட்டாத்தான் அந்த ரேட்டாம், போட்ரவா?"ன்னு கேட்டான். போன்ல ஒழுங்கா பதில் சொல்ல முடியல, வாயத் தொறந்தா கோவம்தான் முன்னாடி வந்துச்சு. அதான் இப்ப நிதானமா எழுதலாம்னு உக்காந்திருக்கேன், இவன மாதிரி இன்னும் நாலு பேருக்கு உதவும்.

நான் காரைக்குடில பதினாலு வருஷமா இந்தத் தொழில்தான். நேர்ல ஏழு தடவை போயிருக்கேன், கொரோனா சமயத்துல ரெண்டு வருஷம் வீட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல பாத்தேன், அத கணக்குல சேக்கல. பெங்களூர்ல பெரிய ஓட்டல், ரெண்டு நாளு, கழுத்துல அட்டை, கைல பை, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எப்பவும் ஜூன் மாசம் 11ம் தேதிக்கும் 20ம் தேதிக்கும் நடுவுலதான் வைப்பாங்க. ஜிஎஸ்டிஆர் 1ங்கற விற்பனைக் கணக்கு முடிஞ்சு, 3பிங்கற வரி கட்டுற ரிட்டர்ன் போடுற நேரம், பாதி கிளையண்ட் போன்லயே நிப்பான், நீங்க அங்க ஹால்ல உக்காந்து கட் பண்ணிக்கிட்டே இருக்கணும். இத ஏன் இத்தன வருஷமா மாத்த மாட்றாங்கன்னு எனக்குப் புரியல.

நல்லத முதல்ல சொல்லிர்றேன், இல்லன்னா பாவம். 2017ல முதல் தடவை போனப்ப ஜிஎஸ்டி ஆரம்பிக்கிற ஜூலை 1க்கு ரெண்டு வாரம்தான் இருந்துச்சு. இங்க நம்ம கடைக்காரங்க பல பேருக்கு எச்எஸ்என்னா, அதான் ஒவ்வொரு சரக்குக்கும் இருக்கற கோடு நம்பர், என்னன்னே தெரியாது. அங்க ரெண்டு நாளு பில்லு போட்டுப் போட்டு காட்டுனாங்க, திரும்பி வந்து அதே மாதிரி நான் இங்க கடை கடையா போய் காட்டுனேன், அந்த ஆறு மாசத்துல சம்பாதிச்சதுலதான் ஆபீஸ இப்ப இருக்கற எடத்துக்கு மாத்துனேன்.

2023ல இன்னொன்னு. ஆகஸ்ட் 1ல இருந்து டர்ன்ஓவர் 5 கோடி தாண்டுனவங்களுக்கு இ-இன்வாய்ஸ், அதான் பில்ல அரசாங்க போர்ட்டல்ல பதிஞ்சு நம்பர் வாங்கறது, கட்டாயம்னு வந்துச்சே, அதுல ஒரு ஆடிட்டர் மேடைல ஒரே ஒரு விஷயத்த அழுத்தி அழுத்தி சொன்னாரு. போன வருஷ டர்ன்ஓவர மட்டும் பாக்காதீங்க, 2017-18ல இருந்து ஏதாவது ஒரு வருஷம் 5 கோடி தாண்டியிருந்தா போதும், நீங்க உள்ள வந்துட்டீங்கன்னாரு. தேவகோட்டை ரஸ்தா பக்கம் எனக்கு ஒரு கம்பிக் கடை கிளையண்ட் இருக்காரு. 2018-19ல மட்டும் ஒரு பெரிய கான்ட்ராக்ட் கெடைச்சு தாண்டியிருந்தாரு, அப்புறம் கீழ எறங்கிட்டாரு, நமக்கு வராதுன்னு நிம்மதியா இருந்தாரு. அந்த ஹால்ல இருந்தே வெளிய வந்து அவருக்கு போன் பண்ணேன். அந்த ஒரு போனுக்கே ஏழு வருஷ டிக்கெட்டும் தகும்.

இப்ப கல்லுக்கு வர்றேன்.

ஆத்தங்குடில டைல்ஸ் பண்ற ஒரு அண்ணன் எனக்கு 2016ல இருந்து கிளையண்ட். அந்தக் கல்லு எப்படிப் பண்றாங்கன்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும், கண்ணாடி மேல அச்சு வச்சு கலர ஊத்தி, மேல சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, காய வச்சு, தொட்டித் தண்ணில ஊறப் போட்டு, எல்லாமே கைவேலை, ஒவ்வொரு கல்லா எண்ணித்தான் அடுக்குவாங்க. ஆனா விக்கிறது சதுரடி கணக்குல. எட்டுக்கு எட்டு இஞ்ச் கல்லு, 64 சதுர இஞ்ச், ஒரு சதுரடி 144, அப்ப ஒரு சதுரடிக்கு 2.25 கல்லு. ஒருத்தர் 100 சதுரடி கேட்டா 225 கல்லு, அது சரியா வந்துரும். 350 கேட்டா? 787.5. அண்ணன் லாரில 788 கல்லு ஏத்தி விடுவாரு, சாஃப்ட்வேர் 787.5தான் கழிக்கும். இதுல ஒரு ரிப்போர்ட்ல பாத்தா 788ன்னு காட்டும், இன்னொன்னுல 787.5ன்னு காட்டும். வருஷக் கடைசில குடோன்ல எண்ணுனா அறுபது எழுபது கல்லு கணக்குல இடிக்கும். எது ஒடைஞ்சது, எது இந்த அரையில போனது, எது யாரு எடுத்துட்டுப் போனதுன்னே தெரியாது. அதுல ஒரு தடவை வேலைக்கு இருந்த பையன சந்தேகப்பட்டு, அவன் அழுதுட்டே நின்னான், அத நான் பக்கத்துல இருந்து பாத்தேன். அண்ணன் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, "தம்பி, அரைக் கல்ல நான் யாருக்கு விப்பேன்?"

எங்க தாத்தா பர்மால இருந்து திரும்புன ஒரு செட்டியார் வீட்ல கணக்கெழுதுனவரு. ஐந்தொகை, அதான் வரவு செலவு கணக்க முடிச்சு சரி பாக்கறது, போடுறப்ப ஒரு அணா இடிச்சாலும் அன்னைக்கு யாரும் படுக்கப் போக மாட்டாங்கன்னு சொல்லுவாரு. அந்த ஊர்க்காரன் நான், அரைக் கல்லு இடிக்கிறத எப்படி விட்டுட்டு வர்றது?

சரி, கம்பெனிக்காரங்ககிட்டயே கேட்டுருவோம்னு ஒவ்வொரு வருஷமும் இந்த ஒரு கேள்விய எடுத்துட்டுப் போறேன். பில்லு சதுரடில இருக்கட்டும், ஸ்டாக்குல கல்லு முழு எண்ணா மேல ஏத்திக் கழியணும், அதுக்கு ஒரு ஆப்ஷன் குடுங்க, இவ்ளோதான் கேள்வி. அடுத்த வெர்ஷன்ல என்ன வருதுன்னு சொல்ற செஷன்ல, கடைசில பத்து நிமிஷம் கேள்வி நேரம்னு போட்டிருப்பாங்க. முதல் மூணு தடவை கைய தூக்கிட்டே இருந்தேன், மைக்கு முன் வரிசையோட நின்னு போச்சு, டைம் முடிஞ்சுதுன்னு லைட்ட போட்டாங்க. 2022ல இருந்து ஆப்ல கேள்வியப் போடணும், மத்தவங்க ஓட்டுப் போடணும், அதிக ஓட்டு வாங்குன அஞ்சு கேள்வி மட்டும் மேடைல படிப்பாங்கன்னு மாத்துனாங்க. எனக்கு இதுலதான் ரொம்ப வேகும். இன்சென்டிவ் எப்ப ஏறும், கிளவுடு எப்ப வரும், இதுக்கெல்லாம் இருநூறு முந்நூறு ஓட்டு. என் அரைக் கல்லுக்கு முதல் வருஷம் மூணு, போன வருஷம் ஏழு. ஹால்ல ஆயிரம் பேருக்கு மேல இருப்பாங்க, அதுல எத்தன பேருக்கு ஆத்தங்குடி தெரியும்? ஓட்டு வச்சு கேள்விய எடுத்தா சின்ன ஊர்க்காரன் கேள்வி என்னைக்குமே மேல வராது. அதே பணத்தக் கட்டித்தான் நாங்களும் போறோம், அதுவும் ராத்திரி பஸ்ல முதுகு நொந்து போய் இறங்குறோம்.

2024ல ஒரு கல்ல தூக்கிட்டே போய்ட்டேன். சிவப்புல மஞ்சப் பூ போட்ட கல்லு, துண்டுல சுத்தி பைல வச்சுட்டுப் போனேன், வாசல்ல செக்யூரிட்டி பிரிச்சுப் பாத்து தடவிப் பாத்துட்டு விட்டாரு. நேரா ஹெல்ப் டெஸ்க்குக்குப் போய் மேஜை மேல வச்சேன். அங்க இருந்த பொண்ணுக்கு மதுரைப் பக்கம், தமிழ்லயே பேசுச்சு. சும்மா சொல்லக் கூடாது, முக்கால் மணி நேரம் என்கூட உக்காந்துச்சு. புதுசா ஒரு கம்பெனி ஓபன் பண்ணி, ஐட்டம் கிரியேட் பண்ணி, 350 போட்டு, ரெண்டு ரிப்போர்ட்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சு, "ஆமா சார், இது தப்பாத்தான் காட்டுது"ன்னு சொல்லுச்சு. அந்த வார்த்தைய கேக்க எனக்கு அத்தன வருஷம் ஆச்சு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கல்லையும் ஒரு போட்டோ எடுத்து, எல்லாத்தையும் சேத்து டிக்கெட்னு ஒரு புகார் பதிஞ்சு நம்பர் குடுத்துச்சு. நடுவுல வர்றவங்க போறவங்கல்லாம் கல்லத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. அன்னைக்கு மாதிரி சந்தோஷமா நான் அந்த எடத்துல இருந்ததே இல்ல.

ஆறு மாசம் கழிச்சு மெயில் வந்துச்சு. இது பிழை இல்ல, இப்படித்தான் வடிவமைச்சிருக்கோம், டிக்கெட் மூடியாச்சுன்னு. யார்கிட்ட பேசணும்னு பேரோ நம்பரோ எதுவும் இல்ல. 2025ல போனப்ப அந்தப் பொண்ணு அங்க இல்ல, புதுசா இருந்தவரு டிக்கெட் நம்பரப் பாத்துட்டு "க்ளோஸ்டு சார்"ன்னாரு, அவ்ளோதான்.

ஹாலுக்கு வெளிய நடக்கறது வேற. சார்ஜ் போடுற எடத்துல, டீ வாங்குற எடத்துலதான் உருப்படியா நடந்தது எல்லாம். 2025ல குஜராத் மோர்பிக்காரர் ஒருத்தரப் பாத்தேன், அவங்க ஊரே டைல்ஸ் ஊரு. அரை இந்தி அரை இங்கிலீஷ்ல சொன்னேன். அவரு, எங்களுக்கு பாக்ஸ் கணக்குதான், அதனால இந்தப் பிரச்சனையே வராது, நீங்க பீஸ முதல் யூனிட்டா வச்சு, சதுரடிய ரெண்டாவதா வச்சு, 788ன்னே அடிங்கன்னு ஒரு டிஷ்யூ பேப்பர்ல எழுதிக் காட்டுனாரு. ஊருக்கு வந்து மாத்துனேன். இப்ப ஸ்டாக் இடிக்கல. ஆனா பில்லுல 350.22 சதுரடின்னு வருது, வாங்குறவங்க "நான் 350தானே கேட்டேன்"ங்கறாங்க, சதுரடி 60 ரூவான்னா பதிமூணு ரூவா சில்லறைய தள்ளுபடின்னு கைல அடிச்சுக் கழிக்கிறோம். முழு மருந்து இல்ல, ஆனா கம்பெனி குடுக்காதத ஒரு மோர்பிக்காரரு அஞ்சு நிமிஷத்துல குடுத்தாரு.

அந்த டீக்கடை நட்புலதான் எங்க வாட்ஸ்அப் குரூப்பும். சிவகாசி, திருப்பூர், ஈரோடு, நாங்கன்னு பதினெட்டு பேரு. 2025 செப்டம்பர் 22 திங்கக்கிழமை ஜிஎஸ்டி ரேட்டு மாறுச்சுல்ல, பெரும்பாலான சரக்குக்கு 12ம் 28ம் போயி 5, 18னு வந்துச்சே, ஞாயித்துக்கிழமை ராத்திரி பூரா யாருமே தூங்கல. சிமெண்ட் 28ல இருந்து 18க்கு வருது, தேதி போட்டு ரேட்ட மாத்துனாத்தான் பழைய பில்லு கெடாதுன்னு சிவகாசிக்காரரு வீடியோ எடுத்துப் போட்டாரு, காலைல கடை தொறக்கறதுக்குள்ள முடிச்சோம்.

இத்தனையும் எழுதிட்டு மாப்ளகிட்ட என்ன சொல்றது? எழுதுனத படிச்சா "போ"ன்னுதான் வருது. ஆனா எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரல. போகாத மாப்ள. விலைய பாதியா குறைச்சாலும் இந்த வருஷம் நான் வரல. குரூப்புல உன்ன சேத்து விட்டுர்றேன், உனக்கு வேண்டியது அதுல கெடைக்கும். அந்த ரெண்டு நாளும் நான் ஆத்தங்குடி குடோன்லதான் இருப்பேன், அண்ணன் கூட சேந்து பத்துக்குப் பத்து கல்லையும் எண்ணி பீஸ் கணக்குக்கு மாத்தணும், அது சதுரடிக்கு 1.44, அதுல இன்னும் கை வைக்கவே இல்ல.

அதையும் மீறி போறேன்னா, சிவப்புக் கல்லு என் ஆபீஸ் மேஜை மேலதான் இருக்கு. சனிக்கிழமைக்குள்ள வந்து எடுத்துட்டுப் போ. துண்டுல சுத்தி வச்சுக்க, மூலை ஒடைஞ்சிரும்.