கொடிய பூச்சிமருந்துகள்: கவசமா, கட்டுப்பாடா, முழுத்தடையா?

ஒரு பூச்சிமருந்து ஆளையே கொல்கிறது என்று தெரிந்த பிறகு அரசுகளிடம் மூன்று யோசனைகள் வந்து நிற்கும். மருந்து கடையில் இருக்கட்டும், அடிப்பவருக்குப் பயிற்சியும் கவசமும் கொடுப்போம் என்பது ஒன்று. இன்ன பயிருக்கு மட்டும், உரிமம் உள்ளவருக்கு மட்டும் என்று வரம்பு கட்டலாம் என்பது இன்னொன்று. பதிவையே ரத்து செய்து சந்தையிலிருந்து எடுத்துவிடலாம் என்பது மூன்றாவது. மூன்றையும் செய்து பார்த்த நாடுகள் இருக்கின்றன. அவற்றின் அனுபவத்தைப் படித்த அளவில், மிகக் கொடிய மருந்துகளுக்கு முழுத்தடைதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தடையையும் தப்பாகச் செய்து கெடுத்துக்கொள்ள முடியும்.

முதலில் கவசம். மருந்தடிப்பதில் மிக ஆபத்தான நேரம், பாட்டிலைத் திறந்து கலக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான். தண்ணீர் சேராத மருந்தை மூடியில் அளந்து டாங்கில் ஊற்றும்போது விரலிடுக்கில் வழியும். முதுகில் சுமக்கும் டாங்கின் மூடி சரியாக இறுகவில்லையென்றால், நடக்க நடக்கக் கரைசல் தளும்பிச் சட்டையை நனைக்கும். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் உள்ளே போக வாய் தேவையில்லை, தோலே போதும். நரம்புக்கும் தசைக்கும் இடையே சமிக்ஞையை அடக்கி வைக்கும் நொதியை அவை முடக்கிவிடுகின்றன. கண்மணி சுருங்கும், எச்சில் வழியும், தசை துடிக்கும், மூச்சு திணறும். இதைத் தடுக்கக் கையுறை, பூட்ஸ், முழு அங்கி, முகக்கவசம் எல்லாம் வேண்டும். உச்சி வெயிலில் இத்தனையையும் மாட்டிக்கொண்டு முதுகில் பாரத்தோடு வயலைச் சுற்றி வர யாரால் முடியும்? ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பே தன் நடத்தை நெறியில் இதை ஒப்புக்கொள்கிறது: அணியச் சிரமமான, விலை அதிகமான, எளிதில் கிடைக்காத கவசம் தேவைப்படும் மருந்துகளைத் தவிர்க்க வேண்டும், குறிப்பாக வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகள் விஷயத்தில். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் செய்தது அன்றாட வேலை.

தற்கொலைக்கு யாரும் எடுத்துக் குடிக்காதபடி மருந்தைப் பூட்டி வைத்தால் போதும் என்ற வாதமும் இதே வகைதான். தற்கொலை முயற்சிகளைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் வீடுதோறும் பூட்டுப்பெட்டி கொடுத்தார்கள். 2017-இல் முடிவு வெளியானபோது, பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் நஞ்சுண்ட சம்பவங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நல்லெண்ணத்தோடு, கவனமாக நடத்தப்பட்ட முயற்சி அது. அதனால்தான் அதன் முடிவை லேசாக ஒதுக்க முடியாது.

கவசத்தின் இன்னொரு குறையைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. பறவைக்கு முகக்கவசம் கிடையாது. 1995-96-இல் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் என்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்தை அடித்த வயல்களில், வட அமெரிக்காவிலிருந்து வலசை வந்த ஸ்வைன்சன் பருந்துகள் அந்த வெட்டுக்கிளிகளைத் தின்று ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. மருந்தடித்தவர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருந்தாலும் அவை பிழைத்திருக்காது.

இரண்டாவது வழியான கட்டுப்பாடு, கேட்க நியாயமாக இருக்கும். அமெரிக்காவில் பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியைச் சான்றிதழ் பெற்றவர்கள் மட்டுமே கையாளலாம். பெரிய பண்ணைகள், குறைந்த எண்ணிக்கையில் தெளிப்பாளர்கள், ஓரளவு கண்காணிப்பு என்று இருக்கும் இடத்தில் இந்த ஏற்பாட்டுக்குப் பயன் உண்டு. கோடிக்கணக்கான சிறு நிலங்கள் உள்ள நாட்டில் வரம்பு காகிதத்தோடு நின்றுவிடும். இந்தியா 2005-இல் மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு மட்டும் தடை செய்தது. பருத்திக்கு அடிக்கலாம், கத்தரிக்கு அடிக்கக் கூடாது என்று அப்போது இருந்தது. பாட்டில் ஒன்றுதான், கடையும் ஒன்றுதான். வாங்கிப் போனவர் எந்த வயலில் அடிக்கிறார் என்று யார் பின்னால் போய்ப் பார்ப்பது? 2013 ஜூலையில் பீகாரில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் இருந்தது அதே மோனோகுரோட்டோபாஸ். ஒரு பயிருக்கு அனுமதி இருந்தாலே மருந்து வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

இந்த வகையிலேயே மருந்தின் வடிவத்தை மாற்றும் முயற்சியும் உண்டு. விழுங்கினால் வயிற்றில் கூழாக இறுகும்படி பாராகுவாட்டை மாற்றி இலங்கையில் விற்றார்கள். பிழைத்தவர்கள் சற்றுக் கூடினார்கள். ஆனாலும் அதை விழுங்கியவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள்.

இனி முழுத்தடை. இலங்கையில் 1995 வாக்கில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 வரை போயிருந்தது, உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் போன்ற கொடிய மருந்துகளை அந்நாடு தடை செய்தது. அடுத்தடுத்த தடைகளோடு அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் சுமார் 70 சதவீதம் இறங்கியது. தாங்க முடியாத ஒரு கணத்தில் கை நீட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பது உயிரையே தீர்மானிக்கிறது. கையில் கிடைப்பது கொடிய மருந்தாக இல்லாவிட்டால் ஆள் ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் கிடைக்கிறது, அப்படிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் அதன் பிறகும் தொடர்ந்து வாழ்கிறார்கள். தென்கொரியா 2011-12-இல் பாராகுவாட்டைத் தடை செய்த பிறகும் பூச்சிமருந்துச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

விளைச்சல் போய்விடும் என்ற பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. கடனோடு நிற்பவருக்கு ஒரு போகம் பொய்த்தால் குடும்பமே ஆடிப்போகும். ஆனால் இலங்கையிலும் கொரியாவிலும் இந்தத் தடைகளால் விளைச்சல் சரிந்ததற்கு ஆய்வாளர்கள் ஆதாரம் காணவில்லை. இந்தோனேசியாவின் கதை இன்னும் தெளிவு. அங்கே நெற்பயிரைப் புகையான் என்ற பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. மருந்தடிக்க அடிக்க, புகையானைத் தின்னும் சிலந்திகள்தான் முதலில் செத்தன; புகையான் பெருகியது. 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்து, மருந்து மானியத்தையும் படிப்படியாக நிறுத்தி, விவசாயிகளுக்கு வயலிலேயே பாடம் சொல்லும் வயல்வெளிப் பள்ளிகள் நடத்தினார்கள். நெல் உற்பத்தி விழவில்லை.

தடை எப்படிக் கெடும் என்பதையும் இலங்கையே காட்டியது. 1995 தடைக்குப் பிறகு பலர் எண்டோசல்பான் என்ற வேறொரு பூச்சிமருந்துக்கு மாறினார்கள், அந்த நஞ்சால் வலிப்பு வந்து இறப்பவர்கள் கூடினார்கள். 1998-இல் அதையும் தடை செய்ய வேண்டி வந்தது. 2021-இல் ரசாயன உரம், பூச்சிமருந்து இறக்குமதி எல்லாவற்றையும் ஒரே அடியாக நிறுத்தியபோது விவசாயிகள் தத்தளித்தார்கள், அந்த ஆண்டே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். குறிப்பிட்ட நஞ்சை எடுப்பது ஒன்று, வயலுக்குத் தேவையான அத்தனையையும் பிடுங்குவது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் காட்டித் தடையே கூடாது என்பவர்களை ஏற்க முடியாது.

அரைகுறைத் தடையும் உதவாது. இந்தியாவின் 1968 பூச்சிமருந்துச் சட்டப்படி ஒரு மாநிலம் 60 நாள்தான் தடை போடலாம், விசாரணை முடியாவிட்டால் இன்னும் 30 நாள். தமிழ்நாடு ஆறு மருந்துகளை அப்படி 60 நாளுக்கு நிறுத்தியது. கடைக்காரர் சரக்கைப் பின்னறையில் வைத்துக் காத்திருந்தால் போதும், நாள் முடிந்ததும் மறுபடி அலமாரிக்கு வந்துவிடும். நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில் இருக்கிறது. அந்த ஆணை வரும்போது ஒரே வகையைச் சேர்ந்த கொடிய மருந்துகள் அனைத்தும் அதில் சேர வேண்டும், எந்தப் பூச்சிக்கு இனி என்ன செய்வது என்ற பட்டியல் அதே நாளில் வேளாண் அலுவலர் கையில் இருக்க வேண்டும், கடையிலும் வீட்டுப் பரணிலும் மிஞ்சிய பாட்டில்களைத் தயாரித்த நிறுவனமே தன் செலவில் திரும்ப எடுக்க வேண்டும்.