லவாஷ் ரோல்: நண்டுக் குச்சியா, சால்மனா, கொரியக் கேரட்டா?

ரஷ்யாவில் டிசம்பர் 31 இரவு விருந்து மேசையில் முதலில் வருவது எல்லாம் குளிர்ந்த பதார்த்தங்கள்தான். ஆலிவியே சாலட், பீட்ரூட் போர்த்திய ஹெர்ரிங் மீன், அவற்றுக்கு நடுவே வட்ட வட்டமாக நறுக்கி அடுக்கிய லவாஷ் ரோல். முதல் இரண்டுக்கும் காய்களை வேகவைத்து, ஆறவைத்து, பொடியாக நறுக்கியே அரை நாள் போய்விடும். லவாஷ் ரோலுக்கு அந்தப் பாடெல்லாம் இல்லை. மெல்லிய ரொட்டியை விரித்து, தடவி, தூவி, சுருட்டி, ஃபிரிட்ஜில் வைத்தால் வேலை முடிந்தது. விருந்தாளி கிளம்பிவிட்டேன் என்று போன் செய்த பிறகு தொடங்கினாலும் செய்துவிடலாம்.

உள்ளே என்ன வைப்பது என்பதில்தான் வீட்டுக்கு வீடு கட்சி வேறு. பலரும் சுவையை வைத்து முடிவு செய்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறொன்றை: சுருட்டுவதற்கும் சாப்பிடுவதற்கும் நடுவில் எத்தனை மணி நேரம் இருக்கிறது? அது தெரிந்துவிட்டால் எந்த நிரப்பல் என்பது பாதி முடிவான மாதிரி.

காரணம் அந்த ரொட்டி. லவாஷ் ஆர்மீனியர்களின் அன்றாட உணவு. மாவை மெல்லியதாகத் தேய்த்து, வைக்கோலோ கம்பளியோ அடைத்த திண்டின் மேல் இழுத்து விரித்து, டோனிர் என்ற மண் அடுப்பின் உட்சுவரில் ஓங்கி ஒட்டுவார்கள். ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும். ஆர்மீனியாவின் லவாஷ் தயாரிப்பை 2014-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் சேர்த்தது. அடிப்படையில் மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். எண்ணெய்ப் பசை இல்லாததால் காய்ந்தால் அப்பளம்போல நொறுங்கும். ஈரம் பட்டாலோ உடனே உறிஞ்சிக்கொள்ளும். ஆர்மீனியக் கிராமங்களில் காய்ந்த லவாஷை மாதக்கணக்கில் அடுக்கி வைத்திருந்து, வேண்டும்போது தண்ணீர் தெளித்து, துணி போர்த்தி, மறுபடி மெதுவாக்கிச் சாப்பிடுவதும் இந்தக் குணத்தால்தான். கலிபோர்னியாவில் குடியேறிய ஆர்மீனியர்களும் மொறுமொறுப்பான லவாஷை நனைத்து, கிரீம் சீஸும் இறைச்சியும் கீரையும் வைத்துச் சுருட்டி, ஆராம் சாண்ட்விச் என்று ஒன்றைச் செய்கிறார்கள்.

லவாஷ் கிடைக்காத இடத்தில் டார்ட்டியா போதாதா என்று கேட்பார்கள். பசிக்குப் போதும். ஆனால் அது தடிமன், அதில் கொழுப்பும் சேர்ந்திருக்கிறது, நிரப்பலின் ஈரத்தை அவ்வளவாக ஏற்காது. வெட்டினால் ரொட்டி தனியாகவும் நிரப்பல் தனியாகவும் நிற்கும். வட்டமாக இருப்பதால் இரண்டு முனையும் வெறுமையாகி வீணாகும். நம் சப்பாத்தி இதற்குச் சரிவராது. ஃபிரிட்ஜில் வைத்த சப்பாத்தி விறைத்துப்போவது எல்லோருக்கும் தெரிந்ததே. மைதாவில் மெல்லிசாகப் போட்ட ரூமாலி ரொட்டி, அன்றே செய்தது, ஓரளவு நெருங்கி வரும்.

சரி, நிரப்பலுக்கு வருவோம். நண்டுக் குச்சி, சால்மன், கொரியக் கேரட், டின் மீன் என்று நான்கைப் பார்க்கலாம்.

ரஷ்ய வீடுகளில் அதிகம் பார்க்கக்கூடியது நண்டுக் குச்சி ரோல். குச்சியில் பெரும்பாலும் நண்டே இருக்காது. வெள்ளை மீனின் சதையை அலசி அரைத்த சுரிமியில் 1970களில் ஜப்பானியர்கள் உருவாக்கியது. ஏற்கெனவே வெந்ததுதான், அப்படியே சாப்பிடலாம். வழக்கமான முறை மூன்று லவாஷ் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. முதல் தாளில் மயோனைஸ், நசுக்கிய பூண்டு, சதகுப்பைக் கீரை, அதன்மேல் பொடியாக நறுக்கிய குச்சிகள் 200 கிராம். இரண்டாவதில் மயோனைஸும் துருவிய அவித்த முட்டை மூன்றும். மூன்றாவதில் துருவிய சீஸ். வெட்டினால் சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் சுருள் சுருளாகத் தெரியும். குழந்தைகள் முதலில் காலி செய்வது இதைத்தான்.

இதில் சிக்கல் குச்சி உறைந்த நிலையில் வருவது. வெந்நீரில் போட்டு அவசரமாக இளக்கினால் தண்ணீரை வாங்கிக்கொண்டு ரோலுக்குள் போய்க் கக்கும். ஃபிரிட்ஜிலேயே மெதுவாக இளகவிட்டு, நறுக்கும் முன் உள்ளங்கையில் வைத்துப் பிழிய வேண்டும். மூன்று தாள் இருப்பதால் ஊற நேரமும் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன் வெட்டினால் நடுவில் ரொட்டி வறண்டு கிடக்கும். இரண்டு மணி நேரம் சரியாக இருக்கும். மறுநாள் வெளித்தாள் கொழகொழவென்று ஆகிவிடும். மதியம் செய்து மாலையில் சாப்பிட இதைவிட நல்லது இல்லை. முதல் நாளே செய்து வைக்க வேண்டாம்.

சால்மன் ரோலின் பலமே வேறு. ஒரு தாளுக்கு 150 கிராம் கிரீம் சீஸ், அதன்மேல் மெல்லிய துண்டுகளாக உப்பிட்ட சால்மன், கொஞ்சம் சதகுப்பை. அடுப்பு பற்றவைக்க வேண்டாம், துருவ வேண்டாம், பத்து நிமிடம் போதும். கெட்டியான கிரீம் சீஸ் ரொட்டிக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு தடுப்பாக நின்றுவிடுகிறது. மீனிலும் தண்ணீரைவிடக் கொழுப்புதான் கசியும். அரை மணி நேரத்திலும் வெட்டலாம், முதல் நாள் இரவே சுருட்டி வைத்துவிட்டு மறுநாளும் வெட்டலாம்; நான்கில் இந்தச் சலுகை தருவது இது ஒன்றுதான். எலுமிச்சையை மட்டும் உள்ளே பிழியாதீர்கள், தட்டின் ஓரத்தில் வையுங்கள். விலை கூடுதல். உப்பிட்டிருந்தாலும் இது வேகாத மீன் என்பதால் கர்ப்பிணிகளுக்குப் பரிமாற வேண்டாம்.

ஆனால் என் ஓட்டு கொரியக் கேரட் ரோலுக்கு. பெயரில் கொரியா இருந்தாலும் கொரிய நாட்டின் பாரம்பரியச் சமையலில் இது கிடையாது. ஸ்டாலின் காலத்தில், 1937-இல், சோவியத்தின் தூரக்கிழக்கில் வாழ்ந்த கொரியர்களை மொத்தமாக ரயிலேற்றிக் கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் அனுப்பினார்கள். கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய்க்கு வேண்டிய சீனக் கோஸ் அங்கே எளிதில் கிடைக்கவில்லை, கேரட் கிடைத்தது. நூலாகச் சீவிய கேரட்டில் உப்பு, சர்க்கரை, வினிகர் சேர்த்துப் பிசறி, மேலே பூண்டு, மிளகாய்த்தூள், நுணுக்கிய தனியா வைத்து, காய்ந்த எண்ணெயை அதன்மேல் ஊற்றுவார்கள். தனியா பொரியும் அந்த வாசனை எழும்போது நம் சமையலறைக்குள் நிற்கிற மாதிரியே இருக்கும். வீடு வாசலை இழந்து வந்த மக்கள் கையில் இருந்ததைக் கொண்டு செய்தது, இன்று ரஷ்யா முழுக்கச் சந்தைகளில் டப்பா டப்பாவாக விற்கிறது.

அந்தப் புளிப்பும் காரமும்தான் ரோலில் வேலை செய்கின்றன. லவாஷ், சீஸ், மயோனைஸ் மூன்றுமே சப்பென்ற சுவை. நண்டுக் குச்சியும் லேசாக இனிக்கும். மூன்றாவது துண்டில் திகட்டிவிடும். கேரட் ரோலில் அந்தத் திகட்டல் கிடையாது, கடிக்கும்போது நறுக்கென்றும் இருக்கும். மீனும் இறைச்சியும் இல்லை. முட்டையில்லா மயோனைஸ் வாங்கினால் சைவக்காரர்களும் தாராளமாகச் சாப்பிடலாம். ரஷ்யாவில் மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் பலர் சைவம். விடுதியில் ஒரு டப்பா கேரட்டும் ஒரு பாக்கெட் லவாஷும் இருந்தால் அவர்களுக்கு ஒரு வேளை ஓடிவிடும்.

நான்கில் அதிகம் ஒழுகுவதும் இதுதான். எனவே கேரட்டை வடிகட்டியில் போட்டு அழுத்திப் பிழிய வேண்டும். ஒரு டப்பாவுக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சாறு வரும். மயோனைஸை மெல்லிசாகத் தடவி, முதலில் சீஸ் துருவல், அதற்கு மேல்தான் கேரட். வரிசை மாறினால் சாறு நேராக ரொட்டிக்குப் போய்விடும். சுருட்டி அரை மணி நேரத்தில் வெட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். கேரட்டை வீட்டிலேயே செய்வதானால் முதல் நாளே ஊறவைத்தால்தான் உறைக்கும்.

டின் மீன் ரோல் சிக்கனத்துக்கு. எண்ணெயை வடித்து, முள்கரண்டியால் மசித்து, அவித்த முட்டையும் வெங்காயத்தாளும் சேர்த்தால் போதும். ருசி மோசமில்லை, ஆனால் வாசனை ஃபிரிட்ஜ் முழுக்கப் பரவும்.

எதைச் செய்தாலும் சுருட்டியதும் கிளிங் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றி, மடிப்பு ஓரம் அடியில் இருக்கும்படி வையுங்கள். லவாஷ் விளிம்பு காய்ந்திருந்தால் விரிக்கும் முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போர்த்தி ஐந்து நிமிடம் விடலாம். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து, அழுத்தாமல் அறுக்கிற மாதிரி வெட்டினால் வட்டம் நசுங்காது. மாஸ்கோ டிசம்பரில் தட்டு மேசையில் சற்று அதிக நேரம் இருந்தாலும் அறை கொதிக்காது. சென்னை மே மாதத்தில் மயோனைஸும் மீனும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது. பாதித் தட்டை மட்டும் வெளியே எடுத்து, தீர்ந்ததும் மீதியை வைப்பது நல்லது.

கேரட் ரோல் மீந்தால் மறுநாள் காலை அடித்த முட்டையில் தோய்த்து, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டுங்கள். சீஸ் உருகி, ஊறிப்போன ரொட்டியும் மொறுமொறுவென்று ஆகிவிடும். சால்மனுக்கு இது ஒத்துவராது, சூடேறினால் உப்புத்தான் தூக்கும்.